எண்ணைச் சொல், விதியைக் கண்டுபிடி

இந்த ஆட்டத்துக்கு வேண்டியவை இரண்டு அகல்கள், ஒரு பேனா, 1 முதல் 100 வரை எழுதிய துண்டுச் சீட்டுகள். விருத்தாசலத்தில் அகலுக்கு என்ன பஞ்சம்! செராமிக் தொழிற்பேட்டையும், செராமிக் தொழில்நுட்பம் சொல்லித்தரும் அரசு நிறுவனமும் உள்ள ஊர். நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரியை எடுப்பதற்காக அகற்றும் மண்ணில் பீங்கானுக்கு ஏற்ற களிமண்ணும் இருப்பதால், பொம்மை, கோப்பை, மின்சார ஃபியூஸ் கேரியர், கார்த்திகைக்கு அகல் என்று இங்கே தொழில் வளர்ந்தது. ஓர் அகல் வெள்ளைப் பீங்கானாகவும் மற்றது சிவப்பு மண்ணாகவும் இருக்கட்டும். நிறம் வேறுபட வேண்டிய காரணம் பின்னால் வருகிறது. ஆடுபவர்களில் ஒருவர் விதிக்காரர். அவர் எண்களைப் பற்றிய ஒரு விதியை நினைத்து, தாளில் எழுதி, மடித்து அகலுக்கு அடியில் வைத்துவிடுவார். மற்றவர்கள் முறைவைத்து ஆளுக்கொரு சீட்டை எடுத்து அவரிடம் நீட்ட வேண்டும். அந்த எண் விதிக்கு உட்பட்டதானால் வெள்ளை அகலுக்கு முன்னாலும், உட்படாததானால் சிவப்பு அகலுக்கு முன்னாலும் எல்லோர் கண்ணிலும் படும்படி அதை விரித்து வைப்பார். வாய் திறக்கக் கூடாது. விதி பிடிபட்டுவிட்டது என்று நினைப்பவர், தன் முறை வரும்போது சீட்டு நீட்டுவதற்குப் பதிலாக விதியைச் சொல்லலாம். தப்பாகச் சொன்னால் அடுத்த இரண்டு முறை அவருக்கு வாய்ப்பில்லை.

பார்வைக்கு இது நாம் அறிந்த எண் ஊகிக்கும் விளையாட்டுகளின் தங்கை போலத் தெரியும். உறவு அவ்வளவு நெருக்கமானதில்லை. கைக்குள் புளியங்கொட்டையை மூடிக்கொண்டு ஒற்றையா இரட்டையா என்று கேட்பது முழுக்க அதிர்ஷ்டம். 1 முதல் 100 வரை ஓர் எண்ணை ஒளித்துவைத்து, கூடவா குறைவா என்று மட்டும் பதில் சொல்லும் ஆட்டத்தில் அதிர்ஷ்டத்துக்கு அதிக இடமில்லை: ஒவ்வொரு தடவையும் மிச்சமுள்ள எண்களில் நடுவே உள்ளதைக் கேட்டுக்கொண்டே போனால், ஏழாவது ஊகத்துக்குள் எந்த எண்ணும் அகப்பட்டுவிடும். 1000 வரை போனாலும் பத்து ஊகம் போதும். அந்த முறையைக் கற்ற பிறகு அந்த ஆட்டத்தில் சுவாரசியம் செத்துவிடுகிறது. இங்கே ஒளிந்திருப்பது எண்ணாக இல்லாமல் விதியாக இருப்பதால், நடு என்று ஒன்று கிடையாது. விதிகளை வரிசையில் நிறுத்த முடியாது. எத்தனை விதிகள் சாத்தியம் என்று எண்ணவும் முடியாது. எனவே எதைக் கேட்பது என்பதே ஆட்டத்தின் உயிர்நாடி. அதற்கு இந்த அத்தியாயம் சொல்லும் வழி ஒன்றுதான்: உங்கள் ஊகம் எங்கே உடையக்கூடுமோ அங்கே உள்ள எண்ணைத் தேடி எடுத்து நீட்டுங்கள். சொல்வது எளிது. கை இயல்பாகப் போவது எதிர்த்திசையில்.

ஓர் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். தொடக்க உதவியாக விதிக்காரர் 5, 10, 15 ஆகிய மூன்று சீட்டுகளை வெள்ளை அகலுக்கு முன்னால் வைக்கிறார். பார்த்த உடனே ஐந்தின் மடங்கு என்று யாருக்கும் தோன்றும். உறுதிப்படுத்திக்கொள்ள ஒருவர் 20 நீட்டுகிறார், வெள்ளை. அடுத்தவர் 25; வெள்ளை. 30, 35, 40 என்று போய்க்கொண்டே இருக்கலாம். 85 வரை ஒரு சீட்டுகூடச் சிவப்புப் பக்கம் போகாது. தொடர்ந்து பதினேழு எண்கள் ஊகத்துக்குச் சாட்சி சொல்லியாயிற்று. இதற்கு மேல் என்ன வேண்டும் என்று விதியைச் சொன்னால், தப்பு. தாளில் எழுதியிருந்தது இதுதான்: தமிழில் எண்ணின் பெயர் ‘து’ என்ற எழுத்தில் முடிய வேண்டும். ஐந்து, பத்து, பதினைந்து, இருபது எல்லாம் அப்படித்தான் முடிகின்றன, எண்பத்தைந்தும் அப்படியே. ஆனால் ஒன்பதும் பத்தொன்பதும் தொண்ணூற்றொன்பதும்கூட அப்படித்தான். தொண்ணூறும் நூறும் ‘று’வில் முடிவதால் வெளியே நிற்கின்றன. 100 சீட்டுகளில் இந்த விதிக்கு உட்பட்டவை 28. அவற்றில் 18 ஐந்தின் மடங்குகள். மீதி 10 எண்களும் 9-இல் முடிபவை. யாராவது ஒருவர் 9-ஐ நீட்டியிருந்தால் ஊகம் அந்த நொடியே உடைந்திருக்கும். ஐந்தின் மடங்கு என்று நம்புகிறவருக்கு 9-ஐ நீட்டக் கை வராது. ஒதுக்கப்படும் என்று ‘தெரிந்த’ எண்ணை நீட்டி ஒரு முறையை வீணாக்குவானேன் என்று மனம் கணக்குப் போடும். பேச்சுவழக்கில் ஐந்து ‘அஞ்சு’ ஆகிவிடுவதால், இந்த விதியை வைப்பவர் எழுத்து வழக்கையே கணக்கில் கொள்ள வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம்.

கை அப்படித்தான் போகும் என்பது வெறும் அனுமானம் இல்லை. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் உளவியலாளர் பீட்டர் வேசன் 1960-இல் வெளியிட்ட சோதனை ஏறத்தாழ இதே ஆட்டம். மூன்று எண்கள் கொண்ட தொகுதிகளுக்கு ஒரு விதி இருக்கிறது, 2, 4, 6 அதற்குப் பொருந்தும் என்று மாணவர்களிடம் சொல்லப்பட்டது. அவர்கள் தங்களுக்குத் தோன்றிய மூன்று எண்களை எழுதிக் காட்டலாம். பொருந்துமா பொருந்தாதா என்று பதில் வரும். முற்றிலும் உறுதியான பிறகே விதியை அறிவிக்க வேண்டும். பலர் 8, 10, 12 என்றும் 20, 22, 24 என்றும் எழுதினார்கள். எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்றே பதில் வந்தது. இரண்டிரண்டாகக் கூடும் எண்கள் என்று தெம்பாக அறிவித்தவர்களுக்கு இல்லை என்ற பதில் கிடைத்தது. மறைந்திருந்த விதி அதைவிட எளிது: எண்கள் ஏறுவரிசையில் இருந்தால் போதும். 1, 7, 500 என்று எழுதியிருந்தாலும் பொருந்தியிருக்கும். 6, 4, 2 என்று ஒருமுறை எழுதிப் பார்த்திருந்தால் வரிசைதான் விஷயம் என்று புலப்பட்டிருக்கும். கலந்துகொண்ட 29 பேரில் 6 பேர் மட்டுமே தவறான அறிவிப்பு எதுவும் இல்லாமல் விதியைக் கண்டார்கள். இவர்கள் கணக்கில் மந்தமானவர்கள் அல்லர், பல்கலைக்கழக மாணவர்கள். ஆகவே உங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு பிள்ளை 5, 10, 15-க்குப் பின் 20-ஐ எடுத்தால் அதை அறிவுக் குறைவாக எண்ண வேண்டாம்.

இந்தப் பழக்கம் எண் சீட்டோடு நிற்பதும் இல்லை. விருத்தாசலத்துக்கு வரும் விருந்தினருக்குப் பழமலைநாதர் கோயிலைப் பற்றி முதலில் சொல்லப்படும் செய்தி, அங்கே எல்லாம் ஐந்து என்பது. ஐந்து கோபுரம், ஐந்து திருச்சுற்று, ஐந்து கொடிமரம், ஐந்து நந்தி, ஐந்து தேர் என்று பட்டியல் நீளும். பட்டியல் பொய்யில்லை, கேட்க அழகாகவும் இருக்கிறது. ஆனால் அது எப்படித் திரட்டப்பட்டது என்பதைக் கவனியுங்கள்: ஐந்தாக இருப்பவற்றைத் தேடித் தேடிச் சேர்த்தது. ஐந்தில்லாதது எது என்று அதே பிராகாரத்தில் நின்று கேட்டால், முருகன் 28 ஆகமங்களையும் லிங்கங்களாக அமைத்து வழிபட்டதாகத் தலபுராணம் சொல்லும் ஆகம லிங்கங்கள் உடனே எதிரே வரும். கோயிலின் பெருமை இதனால் ஒரு குன்றிமணியும் குறையாது. ‘எல்லாம்’ என்ற சொல்தான் கொஞ்சம் சுருங்கும். பக்திக்கு அந்தச் சுருக்கம் தேவையில்லை, ஆட்டத்துக்குத் தேவை. (28 என்ற எண் இந்த அத்தியாயத்தில் இரண்டாம் முறையாக வருகிறது. அதில் பொருள் எதுவும் இல்லை. பொருள் இருக்குமோ என்று ஒரு கணம் உள்ளே அரித்திருந்தால், விதிக்காரர்கள் நம்பிப் பிழைப்பது அந்த அரிப்பைத்தான்.)

இந்த இடத்தில் விவரமறிந்தவர்கள் ஒரு மறுப்பைக் கொண்டுவருவார்கள். அது பலமான மறுப்பு. ஒதுக்கப்படும் என்று நினைக்கும் எண்களையே எப்போதும் நீட்டு என்பது சரியான அறிவுரையா? ஜோஷுவா கிளேமன், யங்-வான் ஹா என்ற இருவர் 1987-இல் எழுதிய கட்டுரையில், ஊகத்துக்குப் பொருந்தும் உதாரணங்களைச் சோதிப்பது பல சூழ்நிலைகளில் நல்ல உத்தியே என்று வாதிட்டார்கள். ஊகம் உண்மையான விதியைவிடக் குறுகலாக இருந்தால் பொருந்தாததைக் கேட்பது பயன்படும். ஊகம் விதியைவிட அகலமாக இருந்தால், பொருந்தும் என்று நினைப்பதைக் கேட்டுத்தான் பிழையைக் காண முடியும். வேசனின் சோதனையில் 2, 4, 6 என்ற உதாரணமே ஆளைக் குறுகலான ஊகத்துக்குள் தள்ளிவிட்டது. இந்த வாதத்தை மறுக்க இயலாது. நம் ‘து’ ஆட்டத்திலேயே கணக்கிட்டுப் பார்க்கலாம். ஐந்தின் மடங்காக இல்லாத 80 எண்களில் 10 வெள்ளைக்குப் போகும். கண்ணை மூடிக்கொண்டு அவற்றில் ஒன்றை எடுத்தால் ஊகம் உடையும் வாய்ப்பு எட்டில் ஒன்று. ஐந்தின் மடங்குகள் 20-இல் 90, 100 இரண்டும் சிவப்புக்குப் போகும். அங்கேயும் கண்ணை மூடி எடுத்தால் பத்தில் ஒன்று. பெரிய வித்தியாசம் இல்லை. அப்படியானால் பதினேழு எண்களைப் பார்த்தவர் ஏன் ஏமாந்தார்? அவர் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கவில்லை. 15-க்குப் பக்கத்தில் 20, அதற்குப் பக்கத்தில் 25 என்று, ஏற்கெனவே தெரிந்ததன் நிழலிலேயே நடந்தார்.

ஆண்டுகளை வைத்து ஆடும் ஆட்டம் இதை இன்னும் தெளிவாகக் காட்டும். விதி லீப் ஆண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். 2024 வெள்ளை, 2020 வெள்ளை, 2023 சிவப்பு, 2022 சிவப்பு. நான்கால் வகுபட வேண்டும் என்று ஊகிக்கிறோம். பொருந்தாத ஆண்டுகளை எவ்வளவு கேட்டாலும் எல்லாம் சிவப்புக்கே போகும். ஊகம் ஒரு கீறலும் படாமல் நிற்கும். பொருந்தும் என்று நினைக்கிற 1900-ஐக் கேட்டால்தான் அது உடையும், ஏனென்றால் நூறால் வகுபடும் ஆண்டு நானூறாலும் வகுபட்டால் மட்டுமே லீப் ஆண்டு. 1700, 1800, 1900 மூன்றும் இல்லை. 1600-ம் 2000-ம் ஆம். இதில் ஒரு குறும்பு உண்டு: இரண்டாயிரத்தைக் கேட்டவர் தான் விளிம்பைத் தொட்டுப் பார்த்துவிட்டதாக நம்பி ஏமாறுவார். ஆக, கேட்பவருக்கான அறிவுரையைத் திருத்திச் சொல்ல வேண்டும். ஊகத்துக்கு வெளியே, மிக அருகில் உள்ளதைக் கேளுங்கள். ஊகத்துக்கு உள்ளே, மிகத் தொலைவில் உள்ளதைக் கேளுங்கள். முதலாவது ஊகம் குறுகலா என்று காட்டும், இரண்டாவது அகலமா என்று காட்டும். இரண்டில் ஒன்றை மட்டும் செய்பவர் பாதி ஆட்டம்தான் ஆடுகிறார்.

சூளை போடுகிறவர்களுக்கு இது புதிய செய்தி இல்லை. சூளைக்குள் பொருள்கள் எவ்வளவு வெந்திருக்கின்றன என்று அறிய, பீங்கான் தொழிலில் கோன் எனப்படும் சிறு கூம்புகளைப் பயன்படுத்துவார்கள். 1880-களில் ஜெர்மனியின் ஹெர்மன் ஸேகர் வகுத்த முறை அது. ஒவ்வொரு கூம்பும் குறிப்பிட்ட அளவு வெப்பம் வேலை செய்த பிறகே தலை சாயும்படி மண்கலவை சேர்த்துச் செய்யப்படுகிறது. வேண்டிய அளவுக்கு உரிய ஒரு கூம்பை மட்டும் வைத்தால் போதாதா? போதாது. மூன்றை வரிசையாக வைப்பது வழக்கம்: சற்று முன்னதாகவே சாய வேண்டியது ஒன்று, சரியான அளவில் சாய வேண்டியது ஒன்று, சாயவே கூடாதது ஒன்று. நடுவில் உள்ளது மட்டும் இருந்து அது முழுக்க மடிந்து கிடந்தால், சூளை சரியான வெப்பத்தில் நின்றதா, அதற்கும் மேலே எகிறிவிட்டதா என்று சொல்ல வழியில்லை. மூன்றாவது கூம்பு நிமிர்ந்து நிற்கிறதே, அதுதான் ‘இதற்கு மேல் போகவில்லை’ என்ற சாட்சி. சாயாது என்று எதிர்பார்த்து வைத்த கூம்பு சாய்ந்திருந்தால் அந்தச் சூளைச் சரக்கை வேறு கண்ணோடு பார்க்க வேண்டும். எண் ஆட்டத்தில் சிவப்பு அகலுக்கு முன்னால் கிடக்கும் சீட்டுகள் இந்த மூன்றாவது கூம்பின் வேலையைச் செய்கின்றன. வெள்ளைப் பக்கம் நிறைந்து சிவப்புப் பக்கம் காலியாக இருக்கும் ஆட்டத்தில் யாரும் விதியைச் சொல்லத் துணியக் கூடாது.

இரண்டாவது மறுப்பு ஆசிரியர்களிடமிருந்தும் பெற்றோர்களிடமிருந்தும் வரும். பிள்ளைகளுக்கு இல்லை என்ற பதில் கேட்டாலே முகம் சுருங்கும். அதைத் தேடிப் போ என்றால் ஆட்டத்தை விட்டே எழுந்துபோய்விடுவார்கள் என்பார்கள். உண்மைதான், பள்ளிக்கூடம் வருடக்கணக்காக ‘சரி’ என்ற குறிக்காக ஏங்கப் பழக்கிவிட்ட பிள்ளைகள் அவர்கள். இதற்குத்தான் இரண்டு நிற அகல்கள். 1980-இல் ரயன் ட்வீனியும் உடன் ஆய்வாளர்களும் வேசனின் சோதனையையே சிறு மாறுதலோடு நடத்தினார்கள். பொருந்தும், பொருந்தாது என்று சொல்லாமல், இரண்டு விதிகள் இருக்கின்றன, ஒன்றின் பெயர் டாக்ஸ், இன்னொன்றின் பெயர் மெட், ஒவ்வொரு தொகுதியும் இதில் ஏதோ ஒன்றைச் சேரும் என்றார்கள். உள்ளடக்கத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஏறுவரிசை டாக்ஸ், மற்றதெல்லாம் மெட். ஆனாலும் பாதிக்கும் மேற்பட்டவர்கள் முதல் அறிவிப்பிலேயே விதியைச் சரியாகச் சொன்னார்கள். வேசனின் 29-இல் 6-உடன் ஒப்பிட்டால் இது பெரிய தாவல். இல்லை என்ற பதிலுக்கு ஒரு பெயர் கிடைத்ததும் அது தோல்வியாகத் தெரியாமல், தேட வேண்டிய இன்னொரு பொருளாகத் தெரிந்தது என்பது இதற்கு ஏற்கத்தக்க விளக்கம். ஆகவே விதிக்காரர் தலையாட்டவோ உதட்டைப் பிதுக்கவோ கூடாது. சீட்டு வெள்ளையைச் சேர்ந்தது, சிவப்பைச் சேர்ந்தது, அவ்வளவுதான். ஒருமுறை ஆடிப் பழகிய பிறகு, சிவப்பு அகலுக்கான விதியைக் கண்டுபிடிப்பதே போட்டி என்று மாற்றி வைத்துப் பாருங்கள்; அதே பிள்ளைகள் சிவப்பைத் துரத்தத் தொடங்குவார்கள்.

மூன்றாவது மறுப்பு தத்துவக்காரர்களுடையது, கொஞ்சம் தலைசுற்ற வைப்பது. எத்தனை சீட்டு கேட்டாலும் அத்தனைக்கும் பொருந்துகிற விதிகள் கணக்கற்று இருக்கும். ஆகவே விதியைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று ஒருபோதும் உறுதி கிடையாதே என்பார்கள். நூறு சீட்டோடு எல்லை கட்டியதன் காரணம் இதுவே. ‘து’ ஆட்டத்தில் ஒரு சிறுமி, எழுத்தைப் பற்றிய நினைப்பே இல்லாமல், 5-இலோ 9-இலோ முடிய வேண்டும், அல்லது 10 முதல் 80 வரையிலான முழுப் பத்துகளாக இருக்க வேண்டும் என்று சொன்னால் என்ன செய்வது? நூறு சீட்டிலும் அவள் விதியும் தாளில் உள்ள விதியும் ஒரே அகலைக் காட்டுகின்றன. அவளுக்கு முழு வெற்றி கொடுக்க வேண்டும். விளக்கம் வேறு, விதி வேறு என்று வாதாடும் விதிக்காரர் நல்ல விளையாட்டுக்காரர் ஆக மாட்டார். எல்லை கட்டாத வெளியுலகத்தில் அந்த உறுதி கிடைக்காது என்பது மெய்தான், அங்கே சோதனையைத் தொடர்வதைத் தவிர வழியில்லை. காரி நாயனாரின் கணக்கதிகாரத்தில் பலாப்பழத்தை அறுக்காமலே சுளையின் எண்ணிக்கையைச் சொல்ல ஒரு விதி உண்டு: காம்பைச் சுற்றியுள்ள முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். காம்பைச் சுற்றி 100 முள் என்றால் 120 சுளை. பலாவுக்குப் பேர்போன பண்ருட்டி இதே கடலூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. சீசனில் சோதித்துப் பார்க்கத் தடையில்லை. ஆனால் எந்தப் பழத்தைத் தேர்ந்தெடுப்பீர்கள்? உருண்டு திரண்ட நல்ல பழமாகப் பார்த்து எடுத்து, கணக்கு ஏறக்குறைய ஒத்துவந்ததும் முன்னோரின் அறிவை வியப்பது 20, 25, 30 நீட்டுவதற்குச் சமம். கோணலாகப் பிதுங்கியது, ஒரு பக்கம் சூம்பியது, வேறு ரகத்து மரத்தில் காய்த்தது என்று விதி தடுமாறக்கூடிய பழங்களை அறுத்து எண்ண வேண்டும். அதில் தேறினால் அப்போது வியக்கலாம்.

கேட்பவர் நடைமுறையில் எப்படி ஆடுவது என்பதை இப்போது சுருக்கமாகச் சொல்ல முடியும். முதல் நான்கைந்து சீட்டுகளைப் பரவலாக எடுங்கள்: சிறியது, பெரியது, ஒற்றை, இரட்டை, பகா எண் ஒன்று. அதன் பிறகு கையில் எப்போதும் இரண்டு ஊகங்களாவது இருக்க வேண்டும். ஒன்றே ஒன்று இருக்கும்போது அதன் மீது பாசம் வந்துவிடுகிறது. இரண்டு இருந்தால் அடுத்த சீட்டு எது என்பது தானாகவே தெரியும்: எந்த எண்ணில் இரண்டு ஊகங்களும் வெவ்வேறு அகலைக் காட்டுகின்றனவோ, அதுதான். இரண்டும் ஒரே அகலைக் காட்டும் எண்ணைக் கேட்டால் கிடைக்கும் பதிலால் எதுவும் கழியாது. நிற முளைகளை ஊகிக்கும் மாஸ்டர்மைண்ட் பலகை விளையாட்டுக்கு டொனால்ட் நூத் 1977-இல் வகுத்த வழி இந்த எண்ணத்தின் கணித வடிவம்தான்: 1296 சாத்தியங்கள் இருந்தும் ஐந்து ஊகத்துக்குள் முடிக்கலாம் என்று அவர் நிறுவினார். எந்தப் பதில் வந்தாலும் மிச்சமிருக்கும் சாத்தியங்கள் மிகக் குறைவாக ஆகும்படி ஒவ்வொரு ஊகத்தையும் தேர்ந்தெடுப்பதே அவருடைய உபாயம். விதி ஆட்டத்தில் சாத்தியங்களை அப்படி எண்ண முடியாது, ஆனால் இரண்டு ஊகங்களை மோதவிடுவதற்கு எண்ணிக்கை தேவையில்லை.

விதிக்காரருக்கும் கடமைகள் உண்டு. ஆட்டம் கெடுவது பெரும்பாலும் அவரால்தான். மிகக் கடினமான விதியை வைத்து யாராலும் முடியவில்லை என்று சிரிப்பதில் பெருமை எதுவும் இல்லை. மறைந்த விதியைக் கண்டுபிடிக்கும் எலூஸிஸ் என்ற சீட்டாட்டத்தை 1956-இல் உருவாக்கிய அமெரிக்கர் ராபர்ட் அபட், இதற்கு நல்ல தீர்வு வைத்திருந்தார். விதி வைப்பவருக்குக் கிடைக்கும் புள்ளி, ஆடுபவர்களுக்குள் சிலர் தேறிச் சிலர் திணறும்போதே அதிகமாகும். எல்லோரும் உடனே கண்டுபிடித்தாலும் அவருக்கு நஷ்டம், எவராலும் முடியாவிட்டாலும் நஷ்டம். அந்த மனப்பான்மையை நம் ஆட்டத்துக்கும் கொண்டுவரலாம். நூற்றில் சுமார் இருபதிலிருந்து ஐம்பது எண்கள் வெள்ளைக்குப் போகும்படி விதி இருப்பது நல்லது. இரண்டே எண்கள் பொருந்தும் விதி வெறும் தொல்லை. ஐந்து ரூபாய் நாணயத்தைத் தொடாமல் சில்லறை கொடுக்க முடியுமா என்பது போன்ற வெளிச் செய்திகளைச் சார்ந்த விதிகளைவிட, இலக்கங்களின் கூட்டுத்தொகை இரட்டையா, பெயரில் ‘ன்’ வருகிறதா, எழுதும்போது மூடிய வட்டம் விழும் இலக்கம் இருக்கிறதா என்பன போல எவரும் சரிபார்க்கக்கூடிய விதிகள் மேல். மூத்தவர்களோடு ஆடும்போது ரயில் எண்களையும் எடுக்கலாம். விருத்தாசலம் சந்திப்பு வழியே போகும் வைகை எக்ஸ்பிரஸ் சென்னையிலிருந்து மதுரைக்கு 12635, திரும்பும்போது 12636. போகும் வண்டிக்கும் வரும் வண்டிக்கும் அடுத்தடுத்த எண் என்ற வழக்கத்தையும், ஐந்து இலக்க எண்களில் முதல் இலக்கம் வண்டியின் வகையைச் சொல்வதையும் அறிந்தவர்களுக்கு அது சுவையான களம்.

மடித்து வைத்த தாளைப் பற்றி ஒரு சொல். ஆட்டத்தின் நடுவில் விதியைச் சற்றே வளைத்துவிடும் ஆசை விதிக்காரருக்கு வரும். சில சமயம் தெரியாமலே வளையும். பெரியபுராணத்தில் சுந்தரர் இந்த ஊரில் பெற்ற பன்னீராயிரம் பொன்னை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்த கதை எல்லோருக்கும் தெரியும். ஆற்றில் போடுமுன் அவர் அந்தப் பொன்னில் மாதிரிக்காக மச்சம் வெட்டி எடுத்து வைத்துக்கொண்டதும், திருவாரூரில் எடுத்த பொன்னை அதோடு உரைத்துப் பார்த்து மாற்று குறைந்திருப்பதைக் கண்டதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. இறைவன் கொடுத்த பொன்னுக்கே மச்சம் வேண்டியிருந்தது. அகலுக்கு அடியில் உள்ள தாள் விதிக்காரரின் மச்சம். அதில் விதியை மட்டும் எழுதினால் போதாது; வெள்ளைக்குப் போக வேண்டிய எண்களின் முழுப் பட்டியலையும் ஆட்டம் தொடங்குமுன் எழுதிவிட வேண்டும். ‘து’ விதி வைத்தவர் 59-ஐ அவசரத்தில் சிவப்புப் பக்கம் போட்டுவிட்டால், நேர்மையாக ஆடுபவர் அத்தனை பேரின் உழைப்பும் வீண். கணிதவியலாளர் ஸ்டானிஸ்வாவ் உலாம் 1976-இல் இதே தொல்லையைக் கேள்வியாக்கினார்: பத்து லட்சம் வரையிலான ஓர் எண்ணை ஆம் இல்லை பதில்களால் கண்டுபிடிக்க 20 கேள்வி போதும், பதில் சொல்பவர் ஒருமுறை பொய் சொல்லலாம் என்றால் எத்தனை தேவை? 25 என்று பிற்பாடு நிறுவப்பட்டது. எங்கே பிழை என்று தெரியாத ஒற்றைத் தவறான பதில் ஐந்து கேள்விகளைத் தின்றுவிடுகிறது. எண்ணை ஒளிக்கும் ஆட்டத்திலேயே இந்த இழப்பு என்றால், விதியை ஒளிக்கும் ஆட்டத்தில் தப்பான ஒரு சீட்டு ஆட்டத்தையே முடித்துவிடும். தவறு கண்ணில் பட்டதும் விதிக்காரர் ஆட்டத்தை நிறுத்தி, சீட்டைச் சரியான அகலுக்கு மாற்றி, அந்தச் சீட்டு விழுந்த பிறகு விதி சொல்லித் தோற்றவர்களுக்கு இழந்த முறைகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆட்டம் முடிந்ததும் தாளைப் பிரித்து, பட்டியலை எல்லோர் கைக்கும் அனுப்பி, விரித்து வைத்த சீட்டுகளோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்த பிறகே அடுத்தவர் விதிக்காரர் ஆகலாம்.